பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகும் முதல் பஸ்

மாதத்தில் ஒரு நாள் என் சின்னம்மாவுக்கு விடியல் மூன்றரை மணிக்குத் தொடங்கும். பதுளை மாவட்டத்தில், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். பிரஷரும் சீனி வருத்தமும் சேர்ந்து வந்து பல வருடமாகிறது. கிளினிக் நாளுக்கு முந்தின இரவே ரொட்டி சுட்டு வைத்துவிடுவார். கிளினிக் கொப்பியை மழையில் நனையாதபடி சொப்பிங் பேக்கில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார். லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்க முக்கால் மணி நேரம். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, கையில் போன் வெளிச்சம். முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு அவருடைய நம்பர் எங்கேயோ பின்னால் போய்விடும்.

அந்த பஸ் டவுனுக்குப் போகும் வழியில், ரோட்டோரமாகவே, சிறிய அரசாங்க வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. வைத்தியர் இருக்கிறார். மருந்து கொடுக்கும் ஜன்னல் இருக்கிறது. சின்ன வாட்டு ஒன்றும் இருக்கிறது. சின்னம்மா அதை பஸ்ஸிலிருந்து பார்த்தபடியே தாண்டிப் போகிறார். அவரோடு பஸ்ஸில் இருப்பவர்களில் பலர் நோயாளிகள்தான். அவர்களும் தாண்டித்தான் போகிறார்கள்.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க போனா ஒரு நாளு போகும் தம்பி. அப்புறம் டவுனுக்குப் போன்னு துண்டு குடுப்பாங்க, அதுக்கு இன்னொரு நாளு போகும். நேரா டவுனுக்கே போயிட்டா ஒரு நாளோட முடிஞ்சிருமில்ல?" என்றார்.

பெரிய வைத்தியசாலைகளில் நெரிசல் என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஒரு முறைப்பாடும் கூடவே வரும். சாதாரணத் தடிமனுக்கும் தலையிடிக்கும்கூட சனங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் பெரிய இடத்துக்கு ஓடி வருகிறார்கள், அவர்களுக்கு விளக்கம் போதாது, அறிவூட்ட வேண்டும் என்பார்கள். பதுளையிலும் இதைக் கேட்டிருக்கிறேன், பண்டாரவளையிலும் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. தோட்டத்து மனிதர்கள் போடும் கணக்கு பிழையற்ற கணக்கு. அவர்கள் முன்னால் இருக்கும் எண்களை ஒரு பொருளியல் பேராசிரியரிடம் கொடுத்தாலும் அவரும் முதல் பஸ்ஸில்தான் ஏறுவார். விடை மாற வேண்டுமென்றால் அந்த எண்கள் மாற வேண்டும். அவற்றை எழுதுவது நோயாளி இல்லை, நிர்வாகம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

தோட்டத்தில் ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீற்றர் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் சம்பளம், போகும் என்றுதான் பார்ப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் பதிந்தால் அன்றைக்குச் சம்பளம், பதியாவிட்டால் இல்லை. 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் வேலைக்கு வரும் நாளுக்கான ஊக்குவிப்பாக 200 ரூபாவை அரசாங்கம் தருவதாகவும் அறிவித்தார்கள். சேர்த்தால் 1,750. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு வந்த உயர்வு, வரவேற்க வேண்டியது. ஆனால் ஒரு பக்கம் நாட்சம்பளம் கூடும்போது, மறுபக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு நாளின் விலையும் கூடுகிறது. வேலைக்கு வருவதற்கென்றே கொடுக்கும் 200 ரூபா, வரிசையில் நிற்கும் நாளில் கிடைக்காது.

இப்போது இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய வைத்தியசாலையில் வெளிநோயாளரைப் பார்ப்பது பெரும்பாலும் காலையில். கொழுந்து எடுப்பதும் காலையில். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர் பத்தரைக்கே திரும்பினாலும் பிரட்டு முடிந்திருக்கும், அன்றைய பேர் போயிருக்கும். ஆகவே மூன்று கிலோமீற்றரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பேர், முப்பது கிலோமீற்றரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பேர். பக்கத்தில் இருப்பதன் இலாபம் பஸ் காசும் கொஞ்சம் உடம்பு நோவும்தான். நட்டம் எங்கே என்றால், பக்கத்து ஆஸ்பத்திரி "எங்களிடம் இந்த மருந்து இல்லை", "இந்த இரத்தப் பரிசோதனை இங்கே செய்வதில்லை" என்று மேலே அனுப்பினால் இரண்டாவது பேரும் போகிறது. பத்துப் பேரில் மூன்று பேரை அப்படி அனுப்பினாலே போதும். சராசரியாக ஓர் ஆளுக்கு 400 ரூபாவுக்கு மேல் கூடுதல் நட்டம் என்றாகிவிடும், மிச்சம் பிடித்த பஸ் காசு அதிலேயே கரைந்துவிடும். யாரை அனுப்புவார்கள், யாரை அனுப்பமாட்டார்கள் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது தெரியாது. எனவே எல்லோரும் நேரே டவுனுக்கு.

2022 பொருளாதார நெருக்கடியின்போது நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். துண்டில் எழுதி வெளியே பாமசியில் வாங்கச் சொன்ன காலம் அது. பாமசி இருப்பது டவுனில். மருந்துக்காக எப்படியும் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் வழியில் ஏன் இறங்க வேண்டும் என்ற பழக்கம் அப்போது இறுகியது. தட்டுப்பாடு தணிந்த பிறகும் பழக்கம் தணியவில்லை. ஓர் இடத்தின் மீது உள்ள நம்பிக்கை ஒரு மாதத்தில் உடையும், திரும்பிக் கட்ட வருடங்கள் ஆகும்.

கடைகளைப் பற்றி இப்படிக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. 1960களில் அமெரிக்காவில் டேவிட் ஹஃப் என்பவர், வாடிக்கையாளர் எந்தக் கடைத்தெருவுக்குப் போவார் என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார். கடையின் பருமன் இழுக்கும், போய்ச் சேரும் நேரம் தள்ளும், இரண்டுக்கும் இடையில் ஆளின் கால்கள் தீர்மானிக்கும். இன்றுவரை கடை திறக்க இடம் பார்ப்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் அது பெருமளவு பொருந்தும். ஆனால் தோட்டத்து நோயாளிக்கு அதில் ஒரு கூறு போதாது. போன வேலை அன்றைக்கே முடியுமா என்ற உறுதியை அந்தச் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊவா மாகாணத்தில் இழுப்பது பருமன் என்பதைவிட அந்த உறுதிதான்.

இப்படித் தெரிவு செய்வதே எங்கள் சனத்துக்குப் புதிது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரித்தானியர் காலத்தில், 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தொழிலாளரின் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பானது. தோட்டத்துக்குள்ளேயே டிஸ்பென்சரி, அதில் ஒரு வைத்திய உதவியாளர். தூரம் என்று எதுவும் இல்லை. ஆனால் காய்ச்சல் என்று சொல்ல கங்காணியிடம் போக வேண்டும், கணக்கப்பிள்ளை நம்ப வேண்டும், வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் துரை லொறி தர வேண்டும். நோயாளியின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது, தோட்ட ஆஸ்பத்திரிகள் சில படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. சில தோட்டங்களில் டிஸ்பென்சரி இன்னும் தோட்டத்தின் கையிலேயே இருக்கிறது. இதற்கிடையில் ரோடு வந்தது, பஸ் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், போன் வந்தது. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலை எதற்குள்ளும் எவரும் காசு கொடுக்காமல் நுழையலாம் என்ற உரிமை, லயத்துக் காம்பராவில் இருப்பவருக்கும் கடைசியில் உண்மையாகவே கைக்கு எட்டியது.

அதனால்தான், பக்கத்து ஆஸ்பத்திரியின் கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கக்கூடாது என்று விதி போட்டால் நெரிசல் குறையும் என்ற யோசனையைக் கேட்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. கொழும்பில் இருப்பவருக்கு அந்தக் கடிதம் ஒரு முச்சக்கரவண்டிப் பயணம். சின்னம்மாவுக்கு அது இன்னொரு பேர். பூட்டுப் போட்டு மக்களைப் பக்கத்தில் நிறுத்தும் வேலையைத் தோட்டங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் செய்து பார்த்துவிட்டன.

சரி, பெரிய ஆஸ்பத்திரியின் வரிசைக்கு வருவோம். வரிசை எப்படி வளர்கிறது என்பதை டென்மார்க்கின் ஏ. கே. ஏர்லாங் 1909இலேயே டெலிபோன் அழைப்புகளை வைத்து ஆராய்ந்தார். அந்த வழியில் வளர்ந்த கணக்கு சொல்லும் ஒரு விடயம் இங்கே மிக முக்கியம். நோயாளிகள் ஒழுங்கில்லாமல் ஒவ்வொருவராக வரும், ஒவ்வொருவரையும் பார்க்க ஆகும் நேரமும் ஒழுங்கில்லாமல் மாறும் ஓர் இடத்தில் ஒரு வைத்தியர் தன் நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு நோயாளர் பார்ப்பதிலேயே கழிக்கிறார் என்றால், புதிதாக வருபவர் சராசரியாக நான்கு நோயாளியைப் பார்க்கும் நேரம் காத்திருக்க வேண்டும். 90 பங்கு என்றால் ஒன்பது நோயாளியின் நேரம். 95 பங்கு என்றால் பத்தொன்பது. வேலை கொஞ்சம் கூடினால் காத்திருப்பு பல மடங்கு கூடுகிறது.

இதைத் தலைகீழாகவும் வாசிக்கலாம், அங்கேதான் நம்பிக்கை இருக்கிறது. 95 பங்கு நிரம்பிய இடத்திலிருந்து பத்தில் ஒரு நோயாளி மட்டும் வேறிடம் போனால், அந்தப் பத்தொன்பது ஏறக்குறைய ஆறாகக் குறையும். மீதி ஒன்பது பேரும் அங்கேயே வந்தாலும்கூட. சிறிய ஆஸ்பத்திரிகளை உறுதியான இடங்களாக மாற்றினால் எல்லா நோயாளரும் திரும்பி வர வேண்டும் என்றில்லை. பத்தில் ஒருவர் பஸ்ஸைவிட்டு இடையில் இறங்கினாலே டவுன் வரிசையில் இருப்பவர்களின் நாள் மாறிவிடும். பின்ஹாஸ் நாவோர் என்ற இஸ்ரேலியப் புள்ளியியலாளர் 1969இல் எழுதிய ஒரு கட்டுரை வரிசையை ஆராய்பவர்களிடையே புகழ்பெற்றது. வரிசையில் சேரும் ஒருவர் தனக்கு ஆகும் தாமதத்தை மட்டுமே பார்க்கிறார், தனக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தான் உண்டாக்கும் தாமதம் அவர் கணக்கில் வராது என்பது அதன் சாரம். நாவோர் தீர்வாகச் சொன்னது கட்டணம். இலவச வைத்தியத்தில் கட்டணம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக்கூடாது. ஆனால் அவருடைய அவதானிப்பின் மறுபாதி நமக்கு உதவும். பக்கத்தில் இறங்கும் ஒருவர் டவுனில் நிற்கும் ஐம்பது பேருக்கு உபகாரம் செய்கிறார். அந்த உபகாரத்துக்காக அவர் ஒரு பேரை இழக்கக்கூடாது.

அது மட்டுமல்ல, எங்கள் பக்கத்து நோயாளிகள் ஒவ்வொருவராக வருவதில்லை. பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். லுணுகலையிலிருந்து ஒரு பஸ், மடுல்சீமையிலிருந்து ஒரு பஸ், ஹாலிஎலைப் பக்கமிருந்து இரண்டு. எல்லாம் விடியலில் கிளம்பி ஏழு மணிக்குள் டவுனைச் சேர்கின்றன. ஒரு கணக்குக்கு, எட்டு மணிக்கு 300 பேர் நிற்கிறார்கள், ஐந்து வைத்தியர்கள், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு நூறு பேர். கடைசி ஆள் பதினொரு மணிக்கு. இத்தனைக்கும் வைத்தியர்கள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு அதே பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். பாதிப் பேருக்குப் பத்தரை மணி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால், அவர்கள் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பார்கள், இருட்டில் தேயிலைக்குள் இறங்கியிருக்க மாட்டார்கள். அந்த நீண்ட வரிசைக்குப் பஸ் நேர அட்டவணையும் ஒரு காரணம் என்பதை ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்கள் காண்பதில்லை, பஸ் ஓட்டுபவர்கள் கேட்பதில்லை.

கடந்த வருடம் ஒரு கிளினிக் நாளில் சின்னம்மாவோடு நானும் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, இப்படிப் பல இருக்கின்றன. அன்றைக்கு அவருக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். மூன்றரை மணிக்கு எழுந்து, இறங்கி, பஸ்ஸில் நின்று, அதுவரை ஒரு வாய் தேத்தண்ணிகூட இல்லை. ரொட்டி பைக்குள் இருந்தது. இரத்தம் எடுத்து முடித்தபோது ஒன்பது மணி. அதற்குப் பிறகாவது சாப்பிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். நம்பரும் பேரும் சிங்களத்தில் மட்டும் கூப்பிட்டார்கள், சத்தம் தெளிவாகக் கேட்கவில்லை. சாப்பிடும்போது கூப்பிட்டுவிட்டால்? வெளிக்குப் போயிருக்கும்போது கூப்பிட்டுவிட்டால்? தண்ணீர் குடித்தால் வெளிக்குப் போக வேண்டி வரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, தன் அம்மம்மாவுக்காக வந்தவள், அந்த பெஞ்சில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் நம்பரைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு மருந்து கைக்கு வந்தது.

காத்திருப்பின் மனநிலை பற்றி 1985இல் டேவிட் மைஸ்டர் எழுதியதை முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு இன்னும் நீளம். அதோடு மொழி புரியாத காத்திருப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே மனம் மட்டும் களைப்பதில்லை, சீனி வருத்தக்காரர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். பிரதேச செயலகப் பிரிவுகள் பல இருமொழி நிர்வாகப் பிரிவுகள். எல்லா இடத்துக்கும் தமிழ் பேசும் உத்தியோகத்தரை நியமிக்கக் காலம் ஆகலாம். ஆனால் நம்பரைக் காட்டும் ஒரு மின்பலகையை மாட்ட அவ்வளவு காலம் ஆகாது. 47 என்று சிவப்பு எழுத்தில் எரிந்தால் சிங்களவருக்கும் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் அது 47தான். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று சின்னம்மாவுக்குத் தெரியும், ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

வரிசை எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்று சொல்வார்கள். பார்வைக்கு அப்படித்தான். மாதச் சம்பளக்காரர் லீவு எழுதிவிட்டு வந்து நிற்கிறார், அவர் சம்பளம் குறைவதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் கொழுந்து எடுக்கும் பெண் அதே ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நாட்சம்பளம் கொடுக்கிறார். அந்த ஐந்து மணி நேரமும் வேண்டாம் என்று நினைப்பவருக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. மாலையில் தனியார் இடத்தில் செனல் பண்ணலாம், அதாவது காசு கட்டி வைத்தியரைப் பார்க்கலாம். அங்கே வைத்தியர் மாலையில் உட்காருகிறார், நேரம் சொல்கிறார்கள், வேலைக்குப் போய்விட்டு வந்தும் காட்டலாம். தோட்டத்தில் அடகுக்கடைக்குப் போகும் நகைகளில் ஒரு பங்கு இந்தச் செனல் காசுக்குப் போகிறது என்பது எங்கள் லயங்களில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். மாலை நேரத்துக்கும் சொன்ன நேரத்துக்கும் இவர்கள் நகையை வைத்தாவது காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். சனங்களுக்கு எது வேண்டும் என்று அறிய இதைவிட ஓர் ஆய்வு தேவையில்லை.

பக்கத்தில் இருக்கும் இடம் வெல்ல முடியாது என்று நினைப்பவர்கள் தாய் சேய் கிளினிக்கைப் பார்க்க வேண்டும். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. கர்ப்பிணிப் பெண்களைத் தேடிக் குடும்ப நல உத்தியோகத்தர், எங்கள் பேச்சில் மிட்வைஃப் மிஸ், லயத்துக்கே வருகிறார். கிளினிக் எந்த நாள் என்று ஊருக்கே தெரியும். நிறை பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், திரிபோஷா கொடுப்பார்கள், வந்த வேலை அன்றைக்கே முடியும். அந்த மிஸ்ஸைத் தாண்டி டவுனுக்கு முதல் பஸ் பிடிக்கும் கர்ப்பிணியை நான் கண்டதில்லை. தோட்டமும் அதே, சனமும் அதே. அங்கே வேலை ஒரு நாளில் முடியும் என்ற உறுதி இருக்கிறது.

நீண்ட கால நோய்க்கு அந்த ஏற்பாட்டை விரிக்க முடியாதா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷருக்கும் சீனிக்குமான மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நாமும் ஒருமுறை செய்திருக்கிறோம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. எத்தனையோ தோட்டங்களில் கடிதம் முதலில் தோட்ட ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து எப்போது டிவிசனுக்கு வரும் என்பது ஆபீசின் கையில். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்து வந்த கதை எங்கள் எல்லாக் குடும்பங்களிலும் ஒன்றாவது உண்டு. அந்த வழியில் பிரஷர் குளிசையை எப்படி நம்பி அனுப்புவது? லயத்துக்கு ஒரு விலாசம் கொடுக்கும் கோரிக்கையைக் கௌரவப் பிரச்சினையாக மட்டும் பேசி வந்திருக்கிறோம். மருந்து வந்து சேரவும் விலாசம் வேண்டும்.

அவசர நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் வேறு முகம் எடுக்கும். 1994இல் சரீன் தடேயஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர் பிரசவ மரணங்களை ஆராய்ந்து மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போவோமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைப்பதில் தாமதம். இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவதை வளர்க்கின்றன. போன தடவை ஐந்து மணி நேரம் நின்றவர், இந்தத் தடவை நெஞ்சு வலிக்கும்போது காலையில் பார்ப்போம் என்று படுத்துவிடுவார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் வந்தது பெரிய வரம். ஆனால் அது ரோடு வரைதான் வரும். லயத்திலிருந்து ரோட்டுக்கு இன்னமும் கம்பளியில் தூக்கித்தான் இறக்குகிறோம்.

ரோடே இல்லாமல் போன நாளையும் கண்டோம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்ததை மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுவதும் மண் சரிந்தது, ரோடுகள் அறுந்தன, மலைநாட்டு ரயில் பாதை உடைந்தது. அந்த நாட்களில் தூரத்து ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது அடுத்த நாட்டில் இருப்பது போலத்தான். நடந்து போய்ச் சேரக்கூடிய சிறிய ஆஸ்பத்திரிதான் ஆஸ்பத்திரி. சாதாரண நாளில் ஆள் வராத ஆஸ்பத்திரிக்கு மருந்தும் குறைவாக வரும், ஆளணியும் குறையும், பிறகு "பயன்பாடு இல்லை" என்று கோப்பில் எழுதுவார்கள். அப்படி மெலிந்த ஆஸ்பத்திரியைப் புயல் நாளில் திடீரென்று எழுப்ப முடியாது.

இதைச் சரிசெய்ய யாரைக் கேட்பது என்பதும் ஒரு சிக்கல். டவுனில் இருக்கும் பெரிய போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ். ரோட்டோரத்துச் சிறிய ஆஸ்பத்திரி போன்ற பிரதேச வைத்தியசாலைகள் ஊவா மாகாண சபையின் கீழ். டிஸ்பென்சரி தோட்டத்தின் கீழ். பஸ் வேறொருவரின் கீழ். சின்னம்மாவின் பயணம் மட்டும் ஒன்றே, அதை முழுமையாகப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை. ஆனால் வரிசையைக் கரைப்பது இந்த நாட்டுக்கு முடியாத காரியமில்லை. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்று மனிதர்கள் இறந்ததைக் கண்டோம். அந்த வருடம் ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது, வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு நாள் ஒதுக்கினார்கள், கொஞ்ச காலத்தில் வரிசை கரைந்தது. எரிபொருள் ஒரே நாளில் பெருகிவிடவில்லை. எனக்கு இன்று கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்று ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரிந்தது. அதைச் செய்யத் தெரிந்த நாடு, கிளினிக் கொப்பியில் நாளோடு சேர்த்து ஒரு மணியையும் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த வரையில் முதலில் செய்ய வேண்டியது பிரதேச வைத்தியசாலைகளைப் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை திறந்து வைப்பது. காலை நேரத்தில் கொஞ்சத்தைக் குறைத்தாவது. கொழுந்து நிறுத்த பிறகு பேரை இழக்காமல் போய்ப் பார்க்க முடிந்தால், பக்கத்தில் இருப்பதற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் வரும். பிரஷர், சீனி, ஆஸ்துமா மருந்துகளில் எது எந்த நாளும் கட்டாயம் இருக்கும் என்ற பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் ஒட்ட வேண்டும், ஒட்டியது போலவே இருக்கவும் வேண்டும். இரத்தத்தை அங்கேயே எடுத்து, மாதிரியை மட்டும் டவுனுக்கு அனுப்பலாம். ஒரு குப்பி இரத்தம் பஸ்ஸில் போகலாம், அதற்காக எழுபது வயது மனுசி பட்டினியோடு போக வேண்டியதில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது சின்னம்மா பஸ் ஸ்டாண்டில் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டார். கொப்பியில் அடுத்த தேதி எழுதியிருந்தார்கள். அது வெள்ளிக்கிழமையா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பஸ் ஏறி வளைவுகளில் சுற்றி மேலே வந்தது. ரோட்டோர ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது மணி நாலேகால். மருந்து கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கு எதிரே இருந்த மடுவத்தில் கொழுந்தை நிறுத்துவிட்டு, வெறும் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, பெண்கள் வரிசையாக ரோட்டுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.